பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு எல்டன் ஜானின் எந்த ஆல்பம்?

பஸ்காரன்_ஹாரோ எழுதியது:

வணக்கம். உதைபந்தாட்டப் பகுதியில் பாட்டுக் கேள்வியா என்று இந்த இழையைத் தூக்கி வேறு இடத்தில் போட்டுவிடாதீர்கள். நான் வாட்ஃபோர்டுக்காரன். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவராகப் பாடகர் எல்டன் ஜான் இருந்த ஊர் இது. மைதானத்தின் ஒரு பக்கமே அவர் பெயரில் நிற்கிறது. எங்களுக்கு இரண்டும் ஒரே பேச்சுதான்.

விக்கரேஜ் ரோடு மைதானத்தில் பதினொரு வருடமாக என் இடப்பக்கம் உட்காரும் பெரியவர் இந்த சீசனோடு விடைபெறுகிறார். வயது எழுபத்தொன்று. முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. டெவனில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். இடைவேளை விசில் ஊதியதும் சட்டைப்பையிலிருந்து வெள்ளித்தாளில் சுற்றிய அவித்த முட்டை ஒன்றை எடுப்பார். உப்பு தனியாக, தீப்பெட்டி அளவில் மடித்த காகிதத்தில் இருக்கும். நான் மட்டன் ரோல்ஸ் கொண்டுபோவேன். முதல் வருடம் "உறைக்குமா?" என்று கேட்டார். இரண்டாம் வருடத்திலிருந்து கேட்காமலே இரண்டு எடுத்துக்கொள்கிறார்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஆட்டத்தைப் பற்றி ஐந்து நிமிடம் திட்டுவார், மிச்சம் பத்தும் எல்டன் ஜான். காரணம் இருக்கிறது. அவர் வளர்ந்தது நார்த்வுட் ஹில்ஸ். ரெஜ் டுவைட் என்ற கண்ணாடிப் பையன் (எல்டனின் இயற்பெயர் அதுதான்) வார இறுதிகளில் பியானோ வாசித்த மதுக்கடைக்கு அவருடைய அப்பா வாடிக்கையாளர். பையன் வாசித்ததைவிட, அவன் மீது யாரோ பொரித்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தை எறிந்ததுதான் அப்பாவுக்கு நினைவில் இருந்ததாம்.

இவரிடம் எல்டனின் இசைத்தட்டுகள் எல்லாமே ஒரு காலத்தில் இருந்தன. 1991இல், இனி எல்லாம் இறுவட்டுதான் (சிடி) என்று யாரோ சொன்னதை நம்பி, கார் பூட் சந்தையில் பெட்டியோடு பன்னிரண்டு பவுண்டுக்கு விற்றுவிட்டார். அணி தோற்கும் நாட்களில் அந்தப் பன்னிரண்டு பவுண்டு கட்டாயம் பேச்சில் வந்துவிடும். இப்போது மகள் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். போடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

அக்கம்பக்கத்து இருக்கைகளில் நான்கு பேர் சேர்ந்து அறுபது பவுண்டு திரட்டியிருக்கிறோம். அவருக்கு ஒரே ஒரு எல்டன் தட்டு, பழைய அச்சாக வாங்கவேண்டும். பின் வரிசைத் தாதி சொல்கிறார், "குட்பை யெல்லோ பிரிக் ரோடு" என்று. முன் வரிசைத் தகப்பன் "கேப்டன் ஃபென்டாஸ்டிக்" என்கிறார். அவருடைய பதினாறு வயது மகன் ஐந்து பவுண்டு கொடுத்திருப்பதால் அவனுக்கும் ஒரு வாக்கு; "டூ லோ ஃபார் ஜீரோ" என்கிறான்.

நான் சொன்னது "எ சிங்கிள் மேன்", 1978. சொன்னதும் மூவரும் நான் சொந்த வலைக்குள் பந்தை அடித்துவிட்டதுபோலப் பார்த்தார்கள்.

என் நியாயம் இதுதான். அந்த ஆல்பத்தில் இரண்டு பாட்டுகளில் கோரஸ் பாடியவர்கள் வாட்ஃபோர்டு அணி வீரர்கள். வேறு எந்த ஊர் ரசிகனால் தன் அணி பாடிய எல்டன் தட்டைக் கையில் வைத்துக்கொள்ள முடியும்? ஆனால் பெரியவரின் கட்சி வேறு. "1975க்குப் பிறகு அவர் உடுப்புகள்தான் வாங்கினார், பாட்டு எழுதவில்லை" என்பார். ஆகவே தயக்கம்.

கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்லுங்கள்.

---

நள்ளிரவு_ரசிகன் எழுதியது:

அண்ணா, கோயம்புத்தூரிலிருந்து ஒரு லிவர்பூல் ரசிகன். ஜான் பார்ன்ஸை எங்களுக்குத் தந்த கழகம் என்பதால் வாட்ஃபோர்டு மீது எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஆனால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "யெல்லோ பிரிக் ரோடு"தான். மற்றதெல்லாம் இரண்டாம் இடத்துக்கான போட்டி.

முதலில் ஜமைக்காவில் பதிவுசெய்யப் போனார்கள். கிங்ஸ்டனில் ஸ்டுடியோ சரிப்படவில்லை, ஊர் நிலவரமும் சரியில்லை. மூட்டைகட்டிக்கொண்டு பாரிஸ் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு ஆல்பம் முடித்திருந்த எருவில் மாளிகைக்கே திரும்பினார்கள். வெளியூர் ஆட்டத்தில் அடிவாங்கிய அணி சொந்த மைதானத்துக்கு வந்து வெளுத்து வாங்கியதுபோல, இரண்டு தட்டு நிரம்பும் அளவுக்குப் பாட்டுகள். ஆல்பத்தின் தொடக்கமே பதினொரு நிமிடம். இழவு வீட்டு இசையாக ஆரம்பித்து ராக் பாட்டாக உடைந்து ஓடும். இன்று எந்த நிறுவனம் முதல் பாட்டாக அப்படி ஒன்றை வைக்க விடும்?

"பென்னி அண்ட் தி ஜெட்ஸ்" பாட்டில் கேட்கும் கூட்டத்தின் ஆரவாரம் அந்தப் பாட்டுக்கு எழுந்தது இல்லை, வேறு கச்சேரிகளின் பதிவுகளிலிருந்து எடுத்தது. ஸ்டுடியோவில் பதிவுசெய்த பாட்டின் மேல் தயாரிப்பாளர் கஸ் டட்ஜன் பிறகு ஒட்டியது. பல வருடம் நான் அதை நேரடிக் கச்சேரி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கைதட்டலைக் கவனித்துக் கேளுங்கள், வெள்ளைக்காரக் கூட்டம் வழக்கமாகத் தட்டும் இடத்தில், தாளத்தின் தப்பான அடியில் தட்டும். அதுவும் வேண்டுமென்றே வைத்ததுதானாம். மைதானத்துக் கூட்டம் பாடும்போது எப்படி ஒரு பக்கம் அரை அடி பின்தங்கி வருமோ, அப்படியே இருக்கும்.

சனிக்கிழமை இரவுச் சண்டையைப் பற்றிய பாட்டும் இதில்தான் இருக்கிறது. ஆட்டம் பார்க்கப் போகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

---

கரகரப்பு எழுதியது:

நள்ளிரவுத் தம்பி பாட்டுகளை எண்ணுகிறார், பெரியவரின் முழங்காலை எண்ணவில்லை. "யெல்லோ பிரிக் ரோடு" இரட்டைத் தட்டு. நான்கு பக்கம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாற்காலியிலிருந்து எழுந்து தட்டைத் திருப்பவேண்டும். டெவன் போவதே முழங்காலுக்காக என்கிறார் பஸ்காரர். பரிசு கொடுக்கிறோமா, உடற்பயிற்சி கொடுக்கிறோமா?

நான் நாற்பது வருடமாகத் தட்டுச் சேர்ப்பவன். என் வாக்கு 1970இல் வந்த "டம்பிள்வீட் கனெக்‌ஷன்". அதிலிருந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு பாட்டைக்கூடத் தனித்தட்டாக வெளியிடவில்லை. அதனாலேயே வானொலி அதைத் தேய்த்து மொட்டையாக்கவில்லை. முழுக்க அமெரிக்க மேற்குப் புலத்துக் கதைகள்: துப்பாக்கிக்காரன், உள்நாட்டுப் போரில் இறந்த தகப்பன், பஞ்சத்தில் எரிகிற மிஷன் கட்டடம். எழுதிய பெர்னி டாபின் அதுவரை அமெரிக்க மண்ணை மிதித்தவர் இல்லை. லிங்கன்ஷயர் பக்கத்துக் கிராமத்துப் பையன். கௌபாய் படங்களையும் "தி பேண்ட்" குழுவின் தட்டுகளையும் வைத்துக்கொண்டு ஒரு தேசத்தையே எழுதிவிட்டார்.

உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஒரு பழைய ரயில் நிலையம், பழைய தகர விளம்பரங்கள், ஓரத்தில் எல்டன் உட்கார்ந்திருக்கிறார். டெக்சாஸ் மாதிரி இருக்கும். எடுத்த இடம் சசெக்ஸில் ஹார்ஸ்டெட் கெய்ன்ஸ் நிலையம். நீராவி ரயில் ஆர்வலர்கள் நடத்தும் புளூபெல் பாதையில் இருக்கிறது. நான் போய் அந்த மேடையில் நின்று ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தேன். அமெரிக்கா ஒன்றும் தெரியவில்லை, மழைதான் தெரிந்தது.

இரண்டாம் பக்கத்தில், கடைசிப் பாட்டுக்கு முன்னால் வருவதைக் கேளுங்கள். பியானோவும் குரலும் மட்டும். மதுக்கடையில் ஒரு கிழட்டுச் சிப்பாய் இளைஞன் ஒருவனிடம் பேசுகிறான்: கூட இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், இந்த ஊர் என்னைப் பைத்தியம் என்கிறது என்று. பாடும்போது எல்டனுக்கு வயது 23. அந்தக் கிழக்குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வாங்கும்போது கவனிக்கவேண்டியது: உள்ளே பாடல் வரிகளும் படங்களும் கொண்ட சிறு புத்தகம் இருக்கவேண்டும். அது கிழிந்து போயிருந்தால் பாதி விலைதான் தரலாம். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடை விளக்கில் எல்லாத் தட்டும் புதுத் தட்டுதான்.

உங்கள் "சிங்கிள் மேன்" விஷயத்தில் ஒரு நல்ல செய்தியும் கெட்ட செய்தியும். இரண்டும் ஒன்றே: தர்மத்துக்காகப் பழைய பொருள் விற்கும் எந்த அறக்கடையிலும் மூன்று பவுண்டுக்குக் கிடைக்கும்.

---

தொப்பிக்காரன் எழுதியது:

லூட்டன் ரசிகன், அதாவது உங்கள் பரம எதிரி. வழி தவறி வந்துவிட்டேன், கதவைச் சாத்துவதற்குள் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வாட்ஃபோர்டுக்காரர்கள் எல்டன் ஜானைத் தங்கள் சொத்துபோலப் பேசுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் நிஜமாகவே பந்து விளையாடத் தெரிந்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ராய் டுவைட். 1959 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்காகப் பத்தாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். யாருக்கு எதிராக? எங்களுக்கு எதிராக. அரை மணி நேரம் தாண்டியதும் கால் முறிந்து ஸ்ட்ரெச்சரில் போனார். மாற்று வீரர் முறை அப்போது கிடையாது. பத்துப் பேரோடு விளையாடிய ஃபாரஸ்டிடம் நாங்கள் 2-1 என்று தோற்றோம். லூட்டன் அதுவரை போன ஒரே எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம்; இன்றுவரையும் அதுதான் ஒரே ஒன்று.

அந்தக் குடும்பம் எங்களுக்குச் செய்ததற்குப் பிறகு நான் எந்த ஆல்பத்தையும் சிபாரிசு செய்வதற்கில்லை. இருந்தாலும் கேட்டதற்காக: "மேட்மேன் அக்ராஸ் தி வாட்டர்". என் மனைவியுடையது. நான் கேட்பதில்லை. வீட்டில் ஓடும்போது அறையைவிட்டு எழுந்தும் போவதில்லை.

---

பஸ்காரன்_ஹாரோ எழுதியது:

தொப்பிக்காரரே, வாருங்கள், உட்காருங்கள். உங்கள் துக்கம் எங்களுக்கும் தெரியும். பெரியவர் ராய் டுவைட் பெயரைச் சொல்லும்போது மட்டும் தொப்பியைக் கழற்றுவார். மரியாதைக்கா, உங்களைக் கிண்டல் செய்யவா என்று நான் கேட்டதில்லை.

கரகரப்பு அண்ணா, முழங்கால் விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. நன்றி. ஆனால் ஊரைவிட்டுப் போகிற மனிதனுக்குக் "கூட இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள்" என்று பாடுகிற தட்டையா கொடுப்பது?

---

கட்டைவிரல் எழுதியது:

இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், ஒருவர்கூட அவர் பியானோவில் என்ன செய்கிறார் என்று சொல்லவில்லை. நான் பியானோ ஆசிரியை. பந்தில் எனக்கு ஆர்வம் கிடையாது. வீட்டுக்காரர் செல்சி, அது அவருடைய கஷ்டம். அவர் திறந்துவைத்த பக்கத்தை எட்டிப் பார்த்ததால் எழுதுகிறேன்.

எல்டனுக்குப் பதினொரு வயதில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. வகுப்பு சனிக்கிழமை. பாக்கும் ஷோபானும் ஒரு கையில், பந்தாட்டம் மறு கையில் என்று வளர்ந்த பிள்ளை. அந்தப் பயிற்சி இடக்கையில் தெரியும். ராக் பியானோக்காரர்கள் பலருக்கு இடக்கை வெறும் மத்தளம். இவருடைய இடக்கை நடக்கும், சில பாட்டுகளில் வலக்கையைவிட நல்ல மெட்டு அங்கேதான் இருக்கும். என் மாணவர்களுக்கு வலக்கையைக் கட்டிப்போட்டுவிட்டு இடக்கையை மட்டும் வாசிக்கச் சொல்வேன். பாட்டு இன்னது என்று அப்போதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. மெட்டுக்குப் பாட்டெழுதுவதுதான் நம் சினிமாவில் பழக்கம். எல்டனிடம் தலைகீழ். பெர்னி தனியாக உட்கார்ந்து வரிகளை எழுதி முடித்துவிடுவார். அந்தத் தாளைப் பியானோ மேல் வைத்துக்கொண்டு எல்டன் மெட்டுப் போடுவார். இருவரும் ஒரே அறையில் இருக்கவேண்டியதே இல்லை. 1967இல் ஒரு ரெக்கார்டு நிறுவனம் பத்திரிகையில் போட்ட விளம்பரத்துக்கு இருவரும் தனித்தனியாகப் பதில் எழுதி, அப்படிக் கிடைத்த ஜோடி. வரிகளில் யாப்பு ஒழுங்காக இருக்காது, ஓரடி நீளும், ஓரடி குறுகும். அதனால்தான் மெட்டு எதிர்பாராத இடத்தில் வளைகிறது. மெட்டை முதலில் போட்டிருந்தால் அந்த வளைவு வந்தே இருக்காது.

ஆகவே, அந்த ஜோடியின் கதையையே பாட்டாக்கிய "கேப்டன் ஃபென்டாஸ்டிக்"தான் என் தீர்ப்பு. 1975. பிழைக்க வழியில்லாமல் யாருக்கோ பாட்டு எழுதிக்கொண்டு அம்மாவின் வீட்டில் இருவரும் அடுக்குக்கட்டிலில் படுத்துக்கிடந்த காலத்தின் வரலாறு. அமெரிக்காவில் வெளியான வாரமே முதலிடத்தில் நுழைந்த முதல் ஆல்பம் அது. இத்தனைக்கும் அதில் குதித்து ஆடும் பாட்டு ஒன்றுமில்லை. நடுவில் ஏழு நிமிடத்துக்கு நெருங்கிய ஒரு பாட்டு: வேண்டாத கல்யாணத்தில் மாட்டியிருந்தவரை நண்பர் ஒருவர் இரவோடு இரவாகப் பேசிக் காப்பாற்றிய கதை. வானொலிக்காக அதை வெட்ட எல்டன் சம்மதிக்கவில்லை.

அதே கோடையில் வெம்ப்ளி மைதானத்தில் அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக வாசித்தார். ஜனங்களுக்கு அது புதிது. அவருக்கு முன்னால் பீச் பாய்ஸ் வந்து வெயிலில் எல்லோரையும் ஆடவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இவர் வாசிக்க வாசிக்க ஜனம் எழுந்து வெளியே நடந்தது. உங்கள் பாஷையில் சொன்னால், சொந்த மண்ணில் தோல்வி. எனக்கு அதனாலேயே அந்த ஆல்பத்தின் மேல் பிரியம் கூடுதல்.

குரலைப் பற்றியும் சொல்லவேண்டும். 1987 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு குரல் கனத்து, கீழே இறங்கிவிட்டது. "யெல்லோ பிரிக் ரோடு" தலைப்புப் பாட்டில் மேலே ஏறிப் போகும் அந்தப் பொய்க்குரல் பிறகு அவருக்கு வாய்க்கவே இல்லை. பழைய தட்டு என்று நீங்கள் தேடுவது சரிதான். கச்சேரிக்குப் போனாலும் அந்தக் குரல் கிடைக்காது.

பஸ்காரத் தம்பி, "எ சிங்கிள் மேன்" பற்றி உண்மையைச் சொல்லட்டுமா? பெர்னி இல்லாமல் எடுத்த முதல் ஆல்பம். வரிகள் கேரி ஆஸ்போர்ன். இப்போது மெட்டு முதலில், வரி பிறகு. அதனால்தான் எல்லாம் வழவழப்பாக இருக்கிறது, எங்கும் இடறவில்லை. இறுதியில் வரும் ஒன்று மட்டும் விதிவிலக்கு. அவருடைய நிறுவனத்தில் தூதுவேலை பார்த்த 17 வயதுப் பையன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தான். அவன் பெயரில் வைத்த வாத்தியத் துண்டு. கிட்டத்தட்ட வார்த்தையே கிடையாது. அது போதுமா ஒரு ஆல்பத்துக்கு? எனக்குப் போதாது.

---

நள்ளிரவு_ரசிகன் எழுதியது:

அக்கா சொன்னதை வாசித்துவிட்டு "கேப்டன்" ஆல்பத்தை இரவு முழுக்கக் கேட்டேன். இரண்டாவது முறைதான் பிடிபட்டது. வெம்ப்ளியில் எழுந்து போனவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் அந்தப் பதினாறு வயதுப் பையனுக்காகவும் யாராவது பேசவேண்டாமா? "டூ லோ ஃபார் ஜீரோ" வந்தது 1983 மே கடைசியில். அந்த மாதம்தான் வாட்ஃபோர்டு முதல் டிவிஷனில் எங்களுக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் முடித்தது. ஐந்து வருடத்தில் நான்காம் டிவிஷனிலிருந்து முதலாவதற்கு ஏறி, ஏறிய முதல் சீசனிலேயே இரண்டாம் இடம்! லூதர் பிளிசெட் 27 கோல், அந்த டிவிஷனிலேயே அதிகம். சண்டர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் எட்டு கோல். பெர்னி முழுதாகத் திரும்பிவந்து எழுதியதும் அந்த ஆல்பத்தில்தான். "இன்னும் நிற்கிறேன்" என்று ஒரு தலைவர் பாடுவதற்கு அதைவிடப் பொருத்தமான வருடம் உண்டா? பையனுக்கு இது தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா?

---

பஸ்காரன்_ஹாரோ எழுதியது:

தெரியாமல்தான். கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

கட்டைவிரல் அக்கா, நீங்கள் எழுதியதற்குப் பதில் தேடி அந்தத் தட்டை இணையத்தில் நான்கு முறை கேட்டேன். வழவழப்பு என்ற வார்த்தை சரியாகவே இருக்கிறது. ஆனால் நான் கேட்பது இசையை மட்டும் இல்லை, அந்த வருடத்தையும். 1977 நவம்பரில் வெம்ப்ளி மேடையில் நின்று, இனிக் கச்சேரி செய்யமாட்டேன் என்று அறிவிக்கிறார். அதே வருடம்தான் லிங்கன் சிட்டியிலிருந்து கிரஹாம் டெய்லரை அணி மேலாளராக அழைத்து வருகிறார். அப்போது வாட்ஃபோர்டு இருந்தது நான்காம் டிவிஷனில். உலகத்திலேயே அதிகம் தட்டு விற்ற மனிதர்களில் ஒருவர், வேலையை விட்டுவிட்டு, மழையில் போய் நான்காம் டிவிஷன் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த வருடம். அந்த சீசன் முடிவில் நாங்கள் டிவிஷன் சாம்பியன். அதற்குப் பிறகு வந்த தட்டில்தான் அணியையே கூட்டிக்கொண்டு போய்ப் பாடவைத்திருக்கிறார். நல்ல பாடகர்கள் கிடைக்காமலா? மகிழ்ச்சியாக இருந்த ஒரு மனிதன் செய்கிற காரியம் அது.

சரி. முடிவு கரகரப்பு அண்ணாவின் மூன்று பவுண்டிலிருந்து பிறந்தது. இரண்டாக வாங்கிவிடலாம் என்று வரிசை தீர்மானித்திருக்கிறது. ஆட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன்.

---

பஸ்காரன்_ஹாரோ எழுதியது:

எழுதச் சொன்னவர்களுக்காக.

"சிங்கிள் மேன்" ஹாரோவில் ஓர் அறக்கடையிலேயே கிடைத்தது. உறையில் எல்டன் உயரத் தொப்பியும் நீள அங்கியுமாக, பின்னால் தூரத்தில் விண்ட்சர் கோட்டை. மூலையில் யாரோ பேனாவால் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். விலை இரண்டரை பவுண்டு. "கேப்டன்" தட்டைத் தாதி தேடிப் பிடித்தார்: இரண்டு சிறு புத்தகங்களும் இருந்தன, போஸ்டர் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் எந்தப் பிள்ளையின் அறைச் சுவரில் ஒட்டிக் கிழிந்ததோ.

ஆட்டத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. முடிந்ததும் வெளியே டெய்லர் சிலை இருக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல. பக்கத்தில் ஓராள் உட்கார இடம் விட்டுத்தான் செய்திருக்கிறார்கள். பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் எப்போதும் ஐந்து நிமிடம் உட்காருவார். படமெடுக்க நிற்கும் குடும்பங்கள் காத்துக்கொண்டு நிற்கும், அவர் கண்டுகொள்ளமாட்டார். அங்கே வைத்துக் கொடுத்தோம்.

"கேப்டன்" உறையைப் பிரித்தார், சித்திரத்தைத் தடவிப் பார்த்தார், நன்றி சொன்னார். முறையான நன்றி. அடுத்ததைப் பிரித்தவர் ஒரு சத்தம் போட்டார், சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. "இருப்பதிலேயே மோசமானது," என்றார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, சிறு எழுத்தில் அணியின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். வீரர்களின் பெயர்கள் இல்லை, அணி என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. அது அவருக்குப் பெரிய மனக்குறை.

அவரைக் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். ரெக்கார்டு பிளேயரை மட்டும் இன்னும் கட்டவில்லை. தட்டைத் துணியால் துடைத்து, ஊசியை நேராகக் கோரஸ் பாட்டின்மேல் இறக்கினார். இரண்டாவது முயற்சியில்தான் சரியான இடம் கிடைத்தது. கோரஸ் வந்ததும் கையை உயர்த்தி என்னைப் பேசாதே என்றார், நான் பேசவே இல்லை. "கேள், ஒருத்தன் பின்னால் இழுக்கிறான். நிச்சயமாகத் தடுப்பாட்டக்காரன்." மறுபடி போட்டார். எனக்கு ஒருவரும் இழுப்பதாகக் கேட்கவில்லை. தேவாலயத்தில் கூச்சத்தோடு நிற்கும் ஆட்கள் பாடுவதுபோலத்தான் கேட்டது. நான்காவது தடவை போட்டபோது, இழுப்பவன் யார் என்று ஒரு பெயரும் சொல்லிவிட்டார். ஆதாரமில்லாததால் இங்கே எழுதவில்லை.

புறப்படும்போது "கேப்டன்" தட்டையும் போடுவீர்களா என்று கேட்டேன். டெவனில் மழைக்காலம் நீளம் என்றார். இரண்டையும் டெவன் பெட்டியில் நிற்கவைத்து அடுக்கச் சொன்னார், படுக்கவைத்தால் வளைந்துவிடுமாம்.

---

கரகரப்பு எழுதியது:

நிற்கவைத்தது சரி. இருபக்கமும் இறுக்கமாக ஏதாவது கொடுத்தீர்களா? சாய்ந்து நின்றாலும் வளையும். "கேப்டன்" போஸ்டர் தனியாகக் கண்ணில் பட்டால் சொல்கிறேன், டெவன் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

---

கட்டைவிரல் எழுதியது:

நானும் அந்தக் கோரஸை இன்று கேட்டேன். ஒருவர் பின்தங்குவது உண்மைதான். இடது ஒலிபெருக்கியில்.

---

தொப்பிக்காரன் எழுதியது:

எல்லாம் சரி. அடுத்த சீசனில் அந்த இரண்டு மட்டன் ரோல்ஸ் யாருக்கு?

---

பஸ்காரன்_ஹாரோ எழுதியது:

லூட்டனுக்கு இல்லை.